இடியப்பமும் மாசிச் சொதியும்: யட்டியாந்தோட்டைக் காலையுணவின் சரித்திரம்

அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்கு ஏறிச் செல்லும் பெருந்தெருவில், களனி கங்கையின் ஓரமாக, யட்டியாந்தோட்டை என்னும் சிறு பட்டினம் அமைந்திருக்கிறது. சுற்றிலும் குன்றுகள், குன்றுகளில் இறப்பரும் தேயிலையும். விடியற்பொழுதில் இப்பட்டினத்துக் கடைவீதியில் இறங்கும் பிரயாணி, அடுத்த பஸ் வருவதற்குள் ஏதேனும் ஒரு சாப்பாட்டுக் கடையிற் புகுவது வழக்கம். அவன் முன் ஒரு தட்டு வைக்கப்படும். அதில் ஆவி பறக்கும் இடியப்பம் ஏழெட்டு. அவற்றின்மேல் மஞ்சள் நிறச் சொதி. ஓரத்தில் செக்கச் சிவந்த சம்பல். தேங்காய்ப்பாலில் வெங்காயமும் பச்சைமிளகாயும் வெந்தயமும் கறிவேப்பிலையும் இட்டுக் காய்ச்சிய அச்சொதிக்குச் சுவை தருவது, அதனுள் இடித்துப் போட்ட மாசி. இழையிழையான மாவுணவை மீன்சாற்றில் தோய்த்து விடியலில் உண்ணும் வழக்கத்தைப் பர்மியரும் வியட்நாமியரும் மலாயாவின் சீனரும் தனித்தனிப் பெயரிட்டுப் பெருமையோடு பேசுவர். நாமோ அதற்கென ஒரு பெயர்கூட வைக்காமல், இடியப்பம் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

கடைக்குள் இருப்பவர்கள் யார் என்று பார்ப்பது பயனுடையது. பஸ் சாரதி, நடத்துநர், பாடசாலை ஆசிரியர், கந்தோர் எழுதுவினைஞர், சரக்கேற்றிச் செல்லும் லொறிக்காரர் ஆகியோரே பெரும்பாலும் அந்நேரத்து வாங்குகளில் அமர்ந்திருப்பர். மேலே குன்றுகளில், லயக்காம்பராக்களில் வாழும் மக்கள் அப்பொழுது ரொட்டியைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டிருப்பர். கடலிலிருந்து மாசியும் தாழ்நிலத்திலிருந்து தேங்காயும் இந்த மலையடிவரை வந்து சேர்ந்திருக்கின்றன. பட்டினத்திலிருந்து லயத்துக்கு உள்ள தூரத்தை மட்டும் அவை கடக்கவில்லை. அது ஏன் என்பதே நமது கேள்வி. உணவின் சரித்திரத்தை நாவின் சரித்திரமாக எழுதுவோர் உளர். நாம் அதனை உழைப்பின் சரித்திரமாகவே நோக்குகிறோம்.

இடியப்பம் பழைமையான உணவு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், அப்பம் சுடும் கூவியர் ஆக்கிய, இழைகள் சூழ்ந்த வட்டமான ஒரு பண்டம் பாலிற் கிடக்கும் காட்சி உவமையாக வருகிறது. அதனை இடியப்பத்தின் முன்னோடியென்று கொள்வார் உண்டு. எவ்வாறாயினும், இழையாகப் பிழிந்த மாவைப் பாலில் ஊறவைத்து உண்ணும் எண்ணம் தமிழகத்துக்குப் புதிதன்று என்பது தெளிவு. தமிழகத்தில் பசும்பாலும் சருக்கரையுமாக நின்ற இடத்தில், தெங்கு மலிந்த ஈழத்திலும் சேரநாட்டிலும் தேங்காய்ப்பால் வந்து அமர்ந்தது. சிங்கள மக்கள் இதனை 'இந்தி ஆப்ப' என்கின்றனர், சொதி அவர்களுக்குக் 'கிரி ஹொதி', மாசி 'உம்பலகட'. ஒரே தட்டிலுள்ள மூன்று பொருள்களுக்கும் இரண்டு மொழிகளிலும் சொற்கள் உண்டு. தட்டு ஒன்றுதான். மொழிச் சண்டையால் நாடு பட்ட துன்பங்களை அறிந்தவர்கள், யட்டியாந்தோட்டைக் கடையில் இரு மொழியிலும் இடியப்பம் கேட்கும் குரல்களைச் சற்று நின்று செவிமடுக்கலாம்.

மாசியின் வரலாறு இன்னும் சுவையானது. சூரை மீனைக் கூறுகளாக அறுத்து, அவித்து, புகையிலிட்டு, வெயிலிற் காயவைத்தால் அது விறகுக்கட்டைபோல் இறுகிவிடும். பின்னர் அதற்கு அழிவில்லை என்றே சொல்லலாம். உரலிலிட்டு இடித்தாலன்றி உடையாது. இக்கலையில் வல்லவர்கள் மாலைதீவு மக்கள். அவர்கள் மொழியில் மீனுக்கு 'மஸ்' என்று பெயர். 14ஆம் நூற்றாண்டில் அத்தீவுகளிலே தங்கி நீதிபதியாகப் பணியாற்றிய அரபு யாத்திரிகர் இப்னு பதூதா, இம்மீனைப் பதப்படுத்தும் முறையையும், அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் கப்பலேறிச் செல்வதையும் எழுதிவைத்திருக்கிறார். பனிக்கட்டியும் குளிர்சாதனமும் இல்லாத காலத்தில், கடலை மலைக்குக் கொண்டுசெல்ல மனிதன் கண்ட வழிகள் உப்பும் புகையும் வெயிலுமே. கருவாடும் மாசியும் ஏழையின் உணவு என்று முகஞ்சுளிப்போர், அவை எத்தனை நூற்றாண்டு அறிவின் விளைவு என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆனால் கடற்பொருள் மலைக்குச் செல்லும் வழியை அடைத்துவைத்திருப்பவனுக்கு மலையும் அடிமைப்படும். கண்டி இராச்சியத்தின் கதை இதற்குச் சான்று. ஒல்லாந்தருடன் நடந்த போரின் முடிவில், 1766ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, கண்டியரசன் தீவின் கரையோரம் முழுவதையும் இழந்தான். சிலாபத்திலும் புத்தளத்திலும் உப்பு எடுத்துக்கொள்ளும் அனுமதி மட்டும் அவனுடைய மக்களுக்கு எஞ்சியது. நெல்லும் பாக்கும் மிளகும் தன்னிடம் உள்ள ஓர் அரசு, உப்புக்காக அந்நியனின் கதவைத் தட்டவேண்டியதாயிற்று. களனி கங்கையின் பள்ளத்தாக்கு கரைநாட்டுக்கும் மலைநாட்டுக்கும் இடையே உள்ள பழைய வாயில்களுள் ஒன்று. ஆற்றோரத்து ஊர்களின் வழியே மேலிருந்து பாக்கும் கீழிருந்து உப்பும் கருவாடும் பரிமாறப்பட்டன. பீரங்கியால் ஆகாததை உப்பு மூட்டையால் சாதிக்கலாம் என்பதை ஒல்லாந்த வர்த்தகக் கம்பெனி நன்கறிந்திருந்தது.

1815இல் கண்டி வீழ்ந்தது. கோப்பி வந்தது, 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நாற்றுக்களாக இறங்கிய இறப்பர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகளின் பெருக்கத்தோடு களனிப் பள்ளத்தாக்கை மூடிப் பரந்தது. அதே காலத்தில் கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக யட்டியாந்தோட்டைவரை இரண்டரை அடி அகலமுள்ள சிறு இரயிற்பாதை போடப்பட்டது. தேயிலைப் பெட்டியும் இறப்பர்த் தாளும் கீழே போயின. அரிசி மூட்டையும் கருவாட்டுச் சிப்பமும் மேலே வந்தன. வீ ஓயா, பனாவத்தை, ஹல்கொல்லை, கனேபல்லை என்று தோட்டங்களின் பெயர்கள் கணக்குப் புத்தகங்களில் ஏறின. அவற்றில் உழைக்கத் திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் முதலிய வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர்.

அவர்கள் எப்படிக் கொண்டுவரப்பட்டார்கள்? மலையகத்தில் வழிவழியாக ஒரு பேச்சு உண்டு. செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று கங்காணிமார் ஊர் ஊராகச் சொல்லி ஆசைகாட்டினார்களாம். இதனை ஏமாளிகளின் கதையாகக் கருதிச் சிரிப்பவர்கள், அதில் வரும் பொருள்கள் இரண்டையும் கவனிக்கவேண்டும். தூரில் பொன் கிடைக்கும் என்று கங்காணி சொல்லவில்லை. நிலம் கிடைக்கும் என்றும் சொல்லவில்லை. கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும், பஞ்சம் வந்தால் அவையும் இல்லாமற்போன ஒரு மக்களுக்கு, சோற்றோடு சேர்த்துக்கொள்ளத் தேங்காயும் மாசியும் என்பதே சொர்க்கத்தின் வரைபடமாயிருந்தது. ஒரு காலைச் சொதிக்கு வேண்டிய பொருள்கள்தாம் அவை! இன்று கடைத்தட்டில் பிரயாணி முன் வைக்கப்படும் அந்த மஞ்சள் நிறச் சாற்றுக்காகத்தான் ஒரு சமுதாயம் கடல் கடந்தது என்றால் மிகையன்று.

வாக்குறுதி ஒருவகையில் நிறைவேறியது என்றும் சொல்லவேண்டும். இறப்பர் மரத்தின் தூரில் பால் ஏந்துவதற்குத் தேங்காய்ச் சிரட்டை கட்டப்பட்டிருந்தது.

இனி, லயத்து மனிதனின் விடியலைப் பார்ப்போம். இறப்பர்ப் பால் அதிகாலையில்தான் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக விடுகின்றன. மரத்தின் உள்ளழுத்தம் தளர்கிறது. வெட்டுவாயில் பால் உறைந்து நின்றுவிடுகிறது. ஆகவே பால்வெட்டுகிறவர் பொழுது நன்றாகப் புலருமுன்பே மரத்தடியில் நிற்கவேண்டும். ஏறத்தாழ 300 மரங்களை ஒருவர் வெட்டி முடித்து, பின்னர் வந்த வழியே திரும்பிச் சிரட்டைகளிலுள்ள பாலை வாளியிற் சேர்த்து, நிறுவைக்குச் சுமந்து செல்லவேண்டும். தேயிலையிலும் இதே அவசரந்தான். முற்காலத்தில் தப்பு முழக்கத்தோடும், பின்னர் சங்கொலியோடும் பிரட்டுக்களத்தில் ஆள் கூட்டப்பட்டது. பிந்தி வந்தவரைத் திருப்பி அனுப்பவும் அரைப்பேர் போடவும் கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் அதிகாரம் இருந்தது.

இந்த நேரக்கணக்கில் இடியப்பத்துக்கு இடமேது? அரிசியை ஊறவைத்து இடித்து, மாவை வறுத்து அரித்து, வெந்நீரிற் குழைத்து, உரலில் இட்டுக் கையழுத்திப் பிழிந்து, தட்டுத்தட்டாக ஆவியில் அவித்து எடுக்கவேண்டும். தேங்காய் துருவிப் பால் பிழியவேண்டும். சொதி திரைந்துபோகாமல் அடுப்பருகே நின்று துழாவவேண்டும். கடையிலே இதனைச் செய்வதற்கு விடியுமுன் எழும் ஆட்கள் உளர். லயத்திலே இதனைச் செய்யவேண்டிய பெண்ணோ, மற்றவர்களோடு தானும் பிரட்டுக்குப் போகவேண்டியவள். நான்கு மணிக்கு எழுந்து, நீரெடுத்து, மாவைப் பிசைந்து, தகட்டில் ரொட்டி தட்டி, கட்டச்சம்பல் அரைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு ஓடவேண்டியவள். ரொட்டிக்கு மேலும் ஒரு வசதி உண்டு. அதனைத் துணியில் முடிந்து இடுப்பிற் செருகிக்கொண்டு மலையேறலாம். சொதியை முடிந்துகொண்டு போகமுடியாது. உட்கார்ந்து உண்பதற்கு நேரமுள்ளவனின் உணவே சாறுள்ள உணவு.

மழையும் இக்கணக்கிற் சேரும். யட்டியாந்தோட்டைப் பகுதி நாட்டிலேயே மிகுந்த மழை பெறும் பகுதிகளுள் ஒன்று. இரவெல்லாம் பெய்து மரப்பட்டை நனைந்திருந்தால் அன்று பால்வெட்டு இல்லை. லயத்துப் பெண்ணுக்கு அன்று இடியப்பம் பிழிய நேரம் கிடைக்கும். பேர் இல்லாத நாளாகையால் தேங்காய் வாங்கக் காசு கிடைக்காது.

இங்கிலாந்தின் தொழிலாளி வர்க்கத்தைப் பற்றி 1845இல் எழுதிய எங்கெல்ஸ், ஆலைத்தொழிலாளியின் கூலி குறையக் குறைய அவனது உணவிலிருந்து இறைச்சி மறைந்து, கடைசியில் உருளைக்கிழங்கும் சாரமற்ற தேநீருமே மிஞ்சுவதை விவரித்தார். பின்னாளில் அத்தேநீரின் ஒரு பங்கு இலங்கையிலிருந்து சென்றது. சமைக்க நேரமில்லாத லங்காஷயர்ப் பெண்ணும் சமைக்க நேரமில்லாத யட்டியாந்தோட்டைப் பெண்ணும் ஒரே செடியின் இரு முனைகளில் நின்றார்கள். ஒருத்திக்குப் பாணும் சீனி போட்ட தேநீரும்; மற்றவளுக்கு ரொட்டியும், உள்ளங்கையில் சிறிது சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடிக்கும் வெறும் சாயமும். நல்ல கொழுந்து கப்பலேறியது. தூள் லயத்துக்கு வந்தது.

ரொட்டி எப்பொழுதுமே தோட்டத்து மக்களின் உணவாயிருக்கவில்லை என்பதை இங்கு சொல்லவேண்டும். தொடக்கத்தில் அவர்களுக்கு அளக்கப்பட்டது அரிசி. அந்த அரிசியும் கூலியின் ஒரு பகுதியாகவே கணக்கிடப்பட்டது. கடன் சுமையோடு தொழிலாளியைத் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு மாற்றிய துண்டுமுறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் குறைந்தபட்சக் கூலி 1929இல் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, சிறுவருக்கு 32. தாழ்நாட்டில் 50, 40, 30. அரிசி புசல் 4 ரூபாய் 80 சதத்துக்குக் கொடுக்கப்படவேண்டும். அதாவது கொத்து 15 சதம். பிள்ளைகள் நிறைந்த குடும்பத்துக்கு அரிசிக்கே கூலியின் பெரும்பகுதி போய்விடும் என்பதைக் கணக்கறிந்த எந்த மாணவனும் போட்டுப் பார்க்கலாம். மிச்சத்தில் துணி, மருந்து, சடங்கு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் அடங்கவேண்டும். கங்காணியின் கடையில் பற்று வைத்து வாங்கும் கருவாட்டுக்கு விலையைக் கங்காணியே வைத்தான். பெண்ணின் கூலி ஆணின் கூலிக்குச் சமமானது 1984இல்தான். உலக மந்தத்தில் இந்தச் சொற்பக் கூலியும் வெட்டப்பட்டபோது எழுந்த எதிர்ப்புக் குரல்களுள் கோ. நடேசய்யருடையதும் மீனாட்சியம்மையுடையதும் மறக்கத்தகாதவை.

அரிசி எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி பர்மாவிலிருந்து. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் விளைந்த நெல்லுக்குப் பின்னால் தமிழ்நாட்டுச் செட்டிமாரின் வட்டிப்பணம் இருந்தது; 1930களின் மந்தத்தில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் காற்பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்துவிட்டது. அந்நிலத்தில் அறுவடை செய்தவர்களிலும் இரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களிலும் தமிழரும் தெலுங்கரும் பலர். தமிழன் கடன் கொடுக்க, பர்மியன் நிலம் இழக்க, வெள்ளையன் கப்பலேற்ற, யட்டியாந்தோட்டைத் தமிழன் உண்டான். ஏகாதிபத்தியம் என்னும் சொல்லுக்கு இதைவிட எளிய விளக்கம் ஒரு சோற்றுக் கவளத்தில் கிடைப்பதரிது.

பர்மாவைப் பற்றிப் பேசும்போது அந்நாட்டுக் காலையுணவையும் குறிப்பிட்டே ஆகவேண்டும். மொஹிங்கா என்பது அதன் பெயர். ஆற்றுக் கெளிற்றை வேகவைத்துப் பிசைந்து, வாழைத்தண்டும் எலுமிச்சம்புல்லும் சேர்த்துக் கொதிக்கவைத்த சாற்றை அரிசி நூலிழைகளின்மேல் ஊற்றித் தருவர். தெருவோரத்துப் பலகையில் அமர்ந்து மூட்டை தூக்குபவனும் உண்பான்; கந்தோருக்குப் போகிறவனும் உண்பான். வயலும் ஆறும் ஊரும் ஒன்றாயிருக்கும் இடத்தில் மீனும் அரிசியும் ஏழையின் காலைக்கு இயல்பாகவே வந்து சேர்ந்தன. யட்டியாந்தோட்டையிலும் ஆறு இருக்கிறது. ஆற்றில் மீனும் இருக்கிறது. ஆனால் தோட்டத்து மனிதனுக்கு வயல் இல்லை, தோணி இல்லை, வலை வீச ஒரு காலைப்பொழுது இல்லை. இதே தமிழ் மக்கள் பர்மாவில் மொஹிங்காவைப் பழகிக்கொண்டார்கள். 1942இல் ஜப்பானியர் வந்தபோது காட்டுவழியே கால்நடையாகவும், 1960களில் படையரசு கடைகளையும் தொழில்களையும் பறிமுதல் செய்தபோது கப்பலிலும் திரும்பி வந்தவர்கள், சென்னைத் துறைமுகத்தை அடுத்த தெருக்களில் அத்தோவையும் வாழைத்தண்டுச் சாற்றையும் விற்றுப் பிழைத்தார்கள். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் கூட ஒரு குழம்பின் பக்குவத்தைக் கொண்டுவர முடிந்தது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் கொண்டுபோனது ரொட்டியையும் சம்பலையும்.

1942ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டில் பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. அரிசிக் கப்பல்கள் நின்றன. இலங்கையில் உணவுப் பங்கீடு தொடங்கியது. யட்டியாந்தோட்டைக்கான சிறு இரயிற்பாதை மூடப்பட்டதும் அதே ஆண்டில்தான். அரிசியின் இடத்தை நிரப்பக் கோதுமை மா இறக்கப்பட்டது. போர்க்கால மாற்றுணவாக வந்த மா, போர் முடிந்த பின்னரும் போகவில்லை. பின்னர் அமெரிக்க உதவியாகவும் மா வந்தது. யாழ்ப்பாணத்தில் அதற்கு 'அமெரிக்கன் மா' என்றே பெயர் நிலைத்தது. யாழ்ப்பாணத்து வீட்டில் அந்த மாவை அவித்து, அரித்து, இடியப்பமாகப் பிழிந்தார்கள். தோட்டத்தில் அதனை நீரில் குழைத்து ரொட்டியாகத் தட்டினார்கள். ஒரே மா, வேறுபட்டது நேரமே. இன்று மலையக மக்களின் 'பாரம்பரிய உணவு' என்று ரொட்டியைச் சிலர் கொண்டாடுவதைக் காண்கிறோம். உலகப் போரும் தானியச் சந்தையும் திணித்த ஒன்றை மரபென்று போற்றுவதில் நமக்கு உடன்பாடில்லை. அதனைச் சுவையுள்ளதாக ஆக்கிக் காட்டிய பெண்களின் கைத்திறமையைப் போற்றுவது வேறு விஷயம்.

இப்பகுதியின் அரசியலும் உணவோடு பின்னிப் பிணைந்ததே. 1934-35இல் நாட்டைச் சூறையாடிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மிகக் கொடுமையாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் கேகாலையும் ஒன்று. பசியால் உடல் நலிந்தவர்களே முதலில் மடிந்தனர். மருந்தோடும் அரிசி பருப்போடும் கிராமங்களுக்குச் சென்ற இளைஞர்களுள் என். எம். பெரேராவும் ஒருவர், 'பருப்பு மாத்தயா' என்று மக்கள் அவரை அழைத்தனர் என்பர். 1936இல் ருவன்வெல்லை மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினர். 1948இல் தோட்டத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்த சட்டத்தை அவரும் அவருடைய கட்சியினரும் நாடாளுமன்றத்தில் எதிர்த்தனர். 1953இல் பங்கீட்டரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆம் திகதி நடந்த ஹர்த்தாலில் அரசாங்கமே ஆட்டங்கண்டது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. பிரதமர் டட்லி சேனநாயக்க பின்னர் பதவி விலகினார். அரிசிக்காக நாடு எழுந்த அந்நாளில், வாக்குரிமை இழந்த தோட்டங்கள் பெரும்பாலும் அமைதியாயிருந்தன. நாட்டின் மக்களாகக் கணக்கெடுக்கப்படாதவர்களை நாட்டின் கிளர்ச்சியில் மட்டும் எதிர்பார்ப்பது எங்ஙனம்?

அடுத்த அத்தியாயத்தை எழுத இடதுசாரி எழுத்தாளர் பலருக்குக் கை கூசுகிறது. கூசத் தேவையில்லை. 1970இல் அமைந்த அரசாங்கத்தில் நிதி அமைச்சராயிருந்தவர் யட்டியாந்தோட்டைத் தொகுதியின் உறுப்பினரான அதே என். எம். பெரேரா. உலகச் சந்தையில் தானியவிலையும் எண்ணெய்விலையும் ஏறின. அந்நியச் செலாவணி வற்றியது. 1973இல் அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது. மாவும் சீனியும் அரிதாயின. அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்லாதபடி பெருந்தெருக்களில் தடைச்சாவடிகள் நின்றன. கிராமத்தவனுக்கு வயலோ கொல்லையோ பலாமரமோ இருந்தது. பங்கீட்டை மட்டுமே நம்பியிருந்த தோட்டத்தானுக்கு எதுவும் இல்லை. 1973-74இல் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். லயங்களைவிட்டு வன்னிக்கும் பட்டினத் தெருக்களுக்கும் போனார்கள். மலேரியாக் காலத்தில் பருப்பு மூட்டையோடு வந்தவரின் அமைச்சுக் காலத்தில், அவருடைய தொகுதியின் குன்றுகளிலும் ரொட்டிக்கு மாவில்லை. தனிமனிதரின் நன்மை தீமையைப் பற்றியதன்று நமது பேச்சு. பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் எந்தக் கொடியைப் போர்த்தினாலும், இறக்குமதி நிற்கும் நாளில் முதலிற் பட்டினி கிடப்பவன் லயத்து மனிதனே. 1972இலும் 1975இலும் வந்த நிலச்சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. கொழுந்தெடுத்தவளுக்கு அவற்றில் ஒரு பாத்தி கிடைக்கவில்லை. 1992இல் அவை மீண்டும் கம்பெனிகளின் நிருவாகத்துக்குப் போயின.

கடைவாங்கில் அமர்வது எல்லாருக்கும் எப்பொழுதும் இயன்ற காரியமன்று என்பதையும் சொல்லாமல் விடமுடியாது. யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடைக்குள் சமமாக அமர்ந்து ஒரு கோப்பை தேநீர் குடிக்கும் உரிமைக்காக இரத்தம் சிந்தவேண்டியிருந்தது. 1966 அக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தைத் தொடர்ந்து, சாவகச்சேரியிலும் நெல்லியடியிலும் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. மலையகத்துப் பட்டினங்களில் தடையின் வடிவம் வேறு. அங்கே பணமும் நேரமும் காவலாளிகளாக நின்றன. சம்பள நாளில் பட்டினத்துக்கு இறங்கும் தொழிலாளி கருவாடு வாங்கிக்கொண்டு மேலே போவான். கடையில் அமர்ந்து உண்டால் வீட்டிலுள்ளவர்களின் பங்கை உண்டதாகும் என்பது அவன் கணக்கு. 1977இலும் 1981இலும் 1983இலும் சபரகமுவையில் தமிழர்மேல் வன்செயல்கள் ஏவிவிடப்பட்டபோது, பட்டினத்துக்கு இறங்குவதே அச்சமாயிற்று.

1980இல் திருகோணமலையில் சிங்கப்பூர்க் கம்பெனியொன்றின் பிறீமா மாவாலை இயங்கத் தொடங்கியது. மா இப்பொழுது நாட்டிலேயே அரைக்கப்பட்டது. கோதுமை தொடர்ந்து கப்பலில் வந்தது. நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்ற கோரிக்கையோடு தோட்டத் தொழிலாளர் ஆண்டுக்கணக்கிற் போராடி, 2021இல் அதனை வர்த்தமானியிற் கண்டனர். அடுத்த ஆண்டே வந்த பொருளாதார வீழ்ச்சியில் மாவும் பருப்பும் தேங்காயும் எட்டாத விலைக்கு ஏறின. 1,000 ரூபாய் ரொட்டிக்கே போதாததாயிற்று. மாசியின் விலையைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. பட்டினத்துக் கடைகளிலும் சொதி மெலிந்தது. முன்பு ஒரு பிடி இட்ட இடத்தில் விரல்நுனியளவு இட்டு, மஞ்சளைச் சற்றுக் கூட்டி நிறத்தைக் காப்பாற்றினர்.

லயத்துப் பிள்ளைகளின் காலையில் இப்பொழுது இன்னொரு பண்டம் புகுந்திருக்கிறது. தோட்டத்துச் சிறு கடைகளில் பொதிசெய்த நூடில்ஸ் தொங்குகிறது; வெந்நீர் கொதிக்கும் நேரத்தில் ஆகிவிடும். காசுள்ள நாளில் தாய் அதனோடு தகரமீனில் ஒரு துண்டை உதிர்த்துப் போடுகிறாள். பிள்ளை அதை அவசரமாக உறிஞ்சிக் குடித்துவிட்டுப் பாடசாலைக்கு இறங்குகிறது. கோதுமை அந்நிய வயலிலிருந்து வந்தது; மீன் பெரும்பாலும் சிலி, சீனக் கடல்களில் பிடிபட்டது; சாற்றின் சுவை ஒரு காகிதப் பொட்டலத்தில் இருந்தது. தாய் தனக்கு ரொட்டியை முடிந்துகொண்டு மேலே ஏறிவிட்டாள். ஆறரைக்குப் பிரட்டு.